சஃபாரிக்கு எந்தக் கேமரா தாங்கும்? காடும் மாதமும் முடிவு செய்யும் தேர்வு

ராஜஸ்தானின் ரந்தம்பூர் தேசியப் பூங்காவில் மே மாதப் பிற்பகல் சஃபாரி புறப்படும்போது வெப்பநிலை பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஆறு பேர் அமரும் திறந்த ஜிப்சி வாகனம் மண் பாதையில் இறங்கியதும், முன்னே செல்லும் வாகனம் கிளப்பும் புழுதி பின்னே வருபவர்களின் தலையிலும் மடியில் உள்ள கேமராவிலும் படியத் தொடங்கும். ஓடைகள் வற்றிய இக்காலத்தில்தான் புலிகள் எஞ்சியுள்ள குட்டைகளைத் தேடி வெளியே வருகின்றன. எனவே புலியைக் காண விரும்புவோர் கடும் கோடையையே விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். படம் கிடைக்கும் வாய்ப்பு அதிகமுள்ள மாதங்களே கேமராவுக்கு மிக மோசமான மாதங்களாகவும் அமைந்துவிடுகின்றன.

மத்தியப் பிரதேசத்தின் கானா, பாந்தவ்கர், மகாராஷ்டிரத்தின் தடோபா, குஜராத்தின் கிர், அசாமின் காசிரங்கா, கர்நாடகத்தின் நாகரஹொளே என இந்தியாவின் எந்தக் காட்டுக்குச் சென்றாலும் கேமராவைச் சோதிக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தடோபாவில் அது வெப்பமும் புழுதியும். நாகரஹொளேயில் பருவமழைக்கால ஈரம். கானாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் கடுங்குளிர். ஆகவே கடைக்காரரிடம் ‘உறுதியான கேமரா எது’ என்று கேட்பதற்கு முன், எந்தக் காட்டுக்கு, எந்த மாதத்தில் செல்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்வதே முறை.

கைப்பேசியே போதும் என்று இதுவரை எண்ணியிருந்தவர்களுக்கும் இப்போது இந்தக் கேள்வி எழுந்துள்ளது. கார்பெட் புலிகள் காப்பகம் தொடர்பான வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் உள்ள சுற்றுலா மண்டலங்களில் கைப்பேசிப் பயன்பாட்டை அனுமதிக்கக் கூடாது என்று கூறியது. எனவே கைப்பேசியை மட்டும் நம்பிப் புறப்படும் குடும்பம் நுழைவாயிலிலேயே ஏமாற்றமடைய நேரிடலாம். இதன் காரணமாக முதன்முறையாகக் கேமரா வாங்கும் பலர், பல ஆயிரம் முதல் பல லட்சம் ரூபாய் வரை செலவிட முன்வருகின்றனர். அந்தப் பணம் மூன்று நாள் புழுதியில் வீணாகாமல் இருக்க வேண்டுமெனில், ‘உறுதி’ என்ற சொல்லுக்குக் கேமரா உலகில் என்ன பொருள் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

உறுதியானது என்று விற்கப்படுவது உதவாது

கடைகளில் ‘டஃப்’, ‘ரக்டு’ என்ற பெயர்களுடன் சிறிய கேமராக்கள் விற்கப்படுகின்றன. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் டிஜி-7 இவ்வகையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. 15 மீட்டர் ஆழ நீரில் மூழ்கினாலும் இயங்கும். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். தூசியும் உட்புகாது. காட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் இதன் லென்ஸ் எட்டும் தூரம், முழுச்சட்டக் கேமரா அளவில் சொன்னால், 100 மி.மீ.க்குச் சமம். ஐம்பது மீட்டருக்கு அப்பால் புல்லுக்குள் படுத்திருக்கும் புலி இந்தக் கேமராவில் பழுப்பு நிறப் புள்ளியாகவே பதிவாகும். ஆற்றில் படகு விடுவோருக்கும் கடலில் நீந்துவோருக்கும் ஏற்ற கேமரா இது, சஃபாரிக்கு ஏற்றதல்ல.

சஃபாரிக்குக் குறைந்தது 400 மி.மீ. எட்டும் லென்ஸ் தேவை என்பது காட்டுயிர்ப் புகைப்படத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பறவைகளையும் எடுக்க விரும்பினால் 600 மி.மீ. நல்லது. காசிரங்காவின் காண்டாமிருகம், நாகரஹொளேயின் யானை போன்ற பெரிய விலங்குகளுக்கு 300 மி.மீ. கூடப் பல வேளைகளில் போதும். அவ்வளவு நீளமான லென்ஸ் எதுவும் டிஜி-7 போன்ற சிறிய பெட்டிக்குள் அடங்காது. நீளமான லென்ஸ் என்றால் முன்னும் பின்னும் நகரும் குழாய்கள், கழற்றி மாட்டும் இணைப்புகள், திருகும் வளையங்கள் என்று தூசி நுழையும் இடுக்குகளும் அதிகம் என்று பொருள். விலங்கை எட்டும் லென்ஸும் தூசி புகாத உடலும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள் என்பதே இத்தேர்வைக் கடினமாக்குகிறது.

விலை உயர்ந்த மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் விளம்பரங்களில் ‘தூசி, ஈரம் எதிர்க்கும் வடிவமைப்பு’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறும். பொத்தான்களுக்கு அடியிலும், பேட்டரி மூடியைச் சுற்றியும், உடலின் பாகங்கள் இணையும் இடங்களிலும் மெல்லிய ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டுள்ளன என்பதே இதன் பொருள். எவ்வளவு தூசியை, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வதில்லை. அதே விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில், முழுப் பாதுகாப்புக்கு உறுதி கூற இயலாது என்ற குறிப்பும் இருக்கும். நீர், மணல், தூசி, விழுதல் ஆகியவற்றால் ஏற்படும் பழுதுகளை உத்தரவாதம் ஏற்காது என்பதும் பொதுவான நிபந்தனை. விளம்பரத்தில் தாங்கும் என்று சொல்லப்படும் புழுதியையே உத்தரவாத அட்டை கைவிட்டுவிடுகிறது. வாங்குவோர் அந்தச் சிறிய எழுத்தைக் கட்டணம் செலுத்துவதற்கு முன் படிப்பது நல்லது.

அளவுகோல் இல்லாமல் இல்லை. கைப்பேசிகளின் பெட்டியில் காணப்படும் ‘ஐபி68’ போன்ற எண்கள் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதித்து வழங்கப்படுபவை. முதல் இலக்கம் தூசிக்கானது. 6 என்றால் தூசி அறவே நுழையாது, 5 என்றால் சிறிதளவு நுழைந்தாலும் இயக்கத்தைப் பாதிக்காது. இரண்டாம் இலக்கம் நீருக்கானது. இலக்கத்துக்குப் பதில் ‘எக்ஸ்’ என்றிருந்தால் அந்தச் சோதனைக்கான மதிப்பு வழங்கப்படவில்லை என்று கொள்ள வேண்டும். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இத்தகைய எண்ணை வெளிப்படையாகத் தரும் நிறுவனங்கள் மிகச் சிலவே. 2022-இல் வெளிவந்த ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி53 என்ற மதிப்பு உண்டு. லைக்காவின் எஸ்எல்2-க்கு ஐபி54. இந்த எண்களும், அதற்கு இணையான பாதுகாப்புள்ள லென்ஸ் பொருத்தப்பட்டிருக்கும்போது மட்டுமே பொருந்தும். லட்ச ரூபாய்க் கேமராவைவிடச் சட்டைப் பையில் உள்ள கைப்பேசி தூசியை நன்றாகத் தடுக்கிறது என்பது வேடிக்கையான உண்மை. கைப்பேசியில் கழற்றும் லென்ஸ் இல்லை, நீளும் குழாயும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

லென்ஸிலிருந்து தொடங்க வேண்டும்

முதன்முறையாக வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, பணத்தின் பெரும்பகுதியைக் கேமராவின் உடலுக்குச் செலவிட்டுவிட்டு, மிச்சத்தில் லென்ஸ் வாங்குவது. உறுதியைப் பொறுத்தவரை இது தலைகீழான கணக்கு. உடல் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும், லென்ஸ் இணையும் வாயில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தூசி அந்த வழியாக நேரே சென்சாரை அடையும்.

கேனானின் ஆர்7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் வெளிவந்த இக்கேமராவின் உடல் தூசி, ஈரத்துக்கு எதிரான அமைப்புடையது. இதனுடன் பலர் வாங்கும் ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ் 635 கிராம் எடைதான். விலையும் ஒப்பீட்டளவில் குறைவு. படமும் தெளிவாக இருக்கும். ஆனால் அந்த லென்ஸில் வானிலைப் பாதுகாப்பு இல்லை. இந்த இணை காட்டுக்கு உதவாது என்று சொல்ல முடியாது. குளிர்கால கானாவில், பின்வரிசை வாகனத்தில் அல்லாமல் சற்று இடைவெளி விட்டுச் செல்லும்போது, ஒரு துணியால் மூடி வைத்தே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். மே மாதத் தடோபாவுக்கு அதே நம்பிக்கையுடன் கொண்டுசெல்வதுதான் ஆபத்து.

லென்ஸில் வளையம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம். லென்ஸைக் கழற்றி, கேமராவுடன் பொருந்தும் உலோக வட்டத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் மெல்லிய ரப்பர் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால், அந்த இடத்திலாவது பாதுகாப்பு உண்டு. இல்லையென்றால், பெட்டியின் மீது என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டியதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஜூம் செய்யும் விதம். பல லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினால் முன்குழாய் வெளியே நீளும். நீளும்போது உள்ளே இடம் விரிவடைந்து காற்று உறிஞ்சப்படுகிறது. சுருங்கும்போது வெளியே தள்ளப்படுகிறது. சைக்கிள் பம்ப் போன்ற இந்த இயக்கத்தில் காற்றுடன் நுண்தூசியும் உள்ளே செல்லும். புலி நெருங்க நெருங்க ஜூமை முன்னும் பின்னும் இழுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான், அதைச் சூழ்ந்துகொள்ளும் வாகனங்களால் புழுதியும் அதிகமாகக் கிளம்புகிறது. குழாயில் படிந்த மண்துகள்கள் உள்ளே இழுக்கப்பட்டால் நரநரவென்ற ஓசையுடன் வளையம் திரும்பும், நாளடைவில் இறுகிப்போகும்.

சோனியின் 200-600 மி.மீ., நிகானின் 180-600 மி.மீ. ஆகிய லென்ஸ்களில் குழாய் வெளியே நீளாது; கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நகரும். இரண்டிலும் தூசித் தடுப்பு வளையங்கள் உண்டு. புழுதிக் காட்டுக்கு இந்த அமைப்பே மேலானது. ஆனால் இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ளவை. பையில் சுருக்கி வைக்கவும் முடியாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் சஃபாரியில் இந்த எடையைக் கையில் ஏந்தி நிற்பது எளிதன்று. வயதில் மூத்தவர்களும் தோள் வலி உள்ளவர்களும் கடையில் பத்து நிமிடமாவது தூக்கிப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

லென்ஸ் மாற்றாமல் இருப்பதே மேல்

சென்சாரில் தூசி படிவதற்கு முதன்மையான காரணம், திறந்த வாகனத்தில் லென்ஸ் மாற்றுவது. மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் வாயிலுக்கு மிக அருகில் இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் அதற்கு முன் ஒரு கண்ணாடியும் மூடிய ஷட்டரும் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தியவுடன் ஷட்டர் தானே மூடிக்கொள்ளும் வசதி சில மிரர்லெஸ் கேமராக்களில் உண்டு. எனினும் காட்டுக்குள் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே உண்மையான பாதுகாப்பு. நிலக்காட்சிக்கு இன்னொரு லென்ஸ் தேவை என்போர், அதை இரண்டாவது, மலிவான உடலில் பொருத்தி எடுத்துச் செல்வது வழக்கம்.

அந்தச் செலவு இயலாதவர்களுக்கு ‘பிரிட்ஜ்’ வகைக் கேமரா ஒரு வழி. லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது என்பதால் மாற்றும் தொல்லையே இல்லை. சோனியின் ஆர்எக்ஸ்10 மார்க் 4 இவ்வகையில் சஃபாரிப் பயணிகளிடையே நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. 2017-இல் வெளிவந்த இக்கேமராவில் 24 முதல் 600 மி.மீ. வரை எட்டும் லென்ஸும், ஓர் அங்குல வகைச் சென்சாரும், தூசி, ஈரத் தடுப்பும் உண்டு. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் இதன் குழாயும் ஜூம் செய்யும்போது நீளும். கழற்ற முடியாத கேமராவுக்குள் ஒருமுறை தூசி புகுந்துவிட்டால், உரிமையாளர் தாமே துடைக்க முடியாது. பழுதுபார்ப்பு மையத்தில் பிரித்தே ஆக வேண்டும்.

3,000 மி.மீ. வரை எட்டும் என்று விற்கப்படும் நிகான் பி1000 போன்றவை வேறு கதை. நிலவின் பள்ளங்களை மொட்டைமாடியிலிருந்து எடுப்பதற்கு அது மகிழ்ச்சியான கருவி. அதன் உடலில் தூசித் தடுப்பு இல்லை. சென்சார் மிகச் சிறியது என்பதால் விடியற்காலை மங்கல் ஒளியில் படம் புள்ளிகளாகச் சிதறும். மேலும், கோடை வெயிலில் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று தொலைவில் உள்ள எதையும் நீருக்குள் இருப்பதுபோல் அலையவைக்கும். எவ்வளவு பெரிய ஜூமும் அந்த அலைவையும் சேர்த்தே பெரிதாக்கும். 600 மி.மீ.க்கு மேற்பட்ட எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது சஃபாரியைப் பொறுத்தவரை வீண்.

சிறிய சென்சார் உள்ள கேமராக்கள் அனைத்தையும் ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில் 600 மி.மீ. தரும் காட்சியைத் தரும். ஓஎம்-1 போன்ற மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 300 மி.மீ. லென்ஸே 600-க்குச் சமம். சிறிய லென்ஸ் என்றால் எடை குறையும். கைதவறி விழும் வாய்ப்பும் குறையும்.

வெப்பம், குளிர், ஈரம்

கேமராவுடன் வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ‘இயங்கு வெப்பநிலை’ என்ற வரி இருக்கும். பெரும்பாலான கேமராக்களுக்கு அது 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. பல லட்சம் ரூபாய் விலையுள்ள சில மாதிரிகளிலும் குளிருக்கான கீழ் எல்லை மட்டுமே மைனஸ் 10 டிகிரி வரை இறங்குகிறது. மேல் எல்லை அதே 40-தான். கோடையில் தடோபா அமைந்துள்ள சந்திரபூர் மாவட்டத்தில் வெப்பநிலை 45 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. நிழலில் அளக்கப்படும் அந்த வெப்பத்தைவிட, வெயிலில் வைக்கப்பட்ட கறுப்பு நிறக் கேமராவின் உடல் இன்னும் கூடுதலாகச் சூடேறும். இந்தியக் கோடைச் சஃபாரி என்பதே நிறுவனம் வகுத்த எல்லைக்கு வெளியே கேமராவைப் பயன்படுத்துவதுதான் என்பதை உணர்ந்துகொண்டால், வெள்ளைத் துணி ஒன்றை ஏன் எப்போதும் மேலே போர்த்த வேண்டும் என்பது விளங்கும்.

புகைப்படம் மட்டும் எடுப்போருக்கு இந்த வெப்பம் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. நீண்ட நேரம் 4கே வீடியோ எடுக்கும்போதுதான் மிரர்லெஸ் கேமராக்கள் சூடாகி, எச்சரிக்கை காட்டித் தாமாகவே நின்றுவிடுகின்றன. புலி குட்டையில் இறங்கும் நேரத்தில் இது நிகழ்ந்தால் சில நிமிடங்களுக்குப் புகைப்படமும் எடுக்க முடியாது. வீடியோவைச் சிறு சிறு துண்டுகளாக எடுப்பதும், இடையில் கேமராவை நிறுத்தி வைப்பதும் உதவும். விளையாட்டரங்குகளில் காணப்படும் கேனானின் பெரிய லென்ஸ்கள் வெள்ளை நிறத்தில் இருப்பதும் அழகுக்காக அல்ல. உள்ளிருக்கும் ஃபுளோரைட் கண்ணாடி வெப்பத்தால் விரிவடைவதைக் குறைக்கவே.

குளிர் வேறு விதத்தில் தொல்லை தரும். கானாவில் ஜனவரி அதிகாலையில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதுண்டு. அப்போது லித்தியம் பேட்டரியின் திறன் குறைந்து, முழுதாக ஏற்றியதுகூட விரைவில் தீர்ந்ததுபோல் காட்டும். கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருந்து மாற்றினால் போதும். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியும் வெயில் ஏறியதும் மீண்டும் சிறிது நேரம் இயங்கும்.

ஈரத்தின் சேதம் மெதுவானது என்பதால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மழை நேரடியாக நனைப்பதைவிட, குளிரூட்டப்பட்ட விடுதி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுக்கும் கணமே ஆபத்தானது. குளிர்ந்த கண்ணாடியின் மீதும் உள்ளேயும் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். ரப்பர் வளையங்கள் இதைத் தடுப்பதில்லை; உள்ளே உள்ள காற்றிலேயே ஈரம் இருக்கிறது. புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடி அறைக்கு வெளியே வைத்துவிட்டால், கேமரா மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். மூடிய பையைத் திறக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

பயணம் முடிந்து வீடு திரும்பிய பின் ஈரத்துடன் அலமாரியில் பூட்டப்படும் லென்ஸில் பூஞ்சை வளரும். சிலந்தி வலை போன்று படரும் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் மீட்பது அரிது. பூஞ்சைக்கு எதிராக ரப்பர் வளையமோ உலோக உடலோ எதுவும் செய்ய முடியாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் மின் அலமாரி வாங்க இயலாதவர்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்துச் சமாளிக்கலாம். பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர்.

குலுக்கலும் வீழ்ச்சியும்

கேமரா உடலில் மக்னீசியம் கலப்பு உலோகம் என்று எழுதியிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. உலோக உடல், கனமான லென்ஸின் இழுவையைத் தாங்கி, இணைப்பு வாய் வளையாமல் காக்கும். 2 கிலோ லென்ஸ் பொருத்துவோருக்கு அது தேவை. இலகுவான லென்ஸ் பொருத்துவோருக்கு நல்ல பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே போதும். விழும்போது பிளாஸ்டிக் சற்று வளைந்து அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வதும் உண்டு. விழுந்தால் முதலில் பழுதாவது பெரும்பாலும் உடல் அல்ல, லென்ஸ் இணையும் வாயும் உள்ளிருக்கும் நுண்ணிய கண்ணாடி வரிசையும்தான்.

சஃபாரியில் கேமரா விழுவது நடக்கும்போது அல்ல. வழிகாட்டி கையைக் காட்ட, ஓட்டுநர் சட்டென்று நிறுத்த, இருக்கையில் வைக்கப்பட்ட கேமரா முன்னே சரிந்து இரும்புத் தரையில் விழும். கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்வதும், கேமராவை மடியிலேயே வைத்துக்கொள்வதும் இதைத் தவிர்க்கும். வாகனத்தின் தரையில் வைத்தால் மூன்று மணி நேரக் குலுக்கல் முழுவதும் லென்ஸின் சிறு திருகாணிகளுக்குப் போய்ச் சேரும். நீளமான லென்ஸ் பொருத்திய கேமராவைத் தூக்கும்போது உடலைப் பிடிக்காமல், லென்ஸின் அடியில் உள்ள உலோகக் காலைப் பிடிக்க வேண்டும். முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் கவிகையை எப்போதும் கழற்றக் கூடாது. இடிபட்டால் தான் உடைந்து கண்ணாடியைக் காப்பாற்றுவது அதுதான்.

ஜிப்சியில் முக்காலியை விரிக்க இடமிருக்காது. அதற்குப் பதிலாக ‘பீன் பேக்’ எனப்படும் துணிப் பையை வாகனக் கம்பியின் மீது வைத்து, அதன் மீது லென்ஸைச் சாய்த்து எடுக்கின்றனர். காலிப் பையாகக் கொண்டுசென்று, போய்ச் சேர்ந்த ஊரின் மளிகைக் கடையில் அரிசியோ பருப்போ இரண்டு, மூன்று கிலோ வாங்கி நிரப்பிக்கொண்டால் சுமையும் இல்லை. வாகனம் ஓடும்போது லென்ஸுக்கு இதுவே மெத்தையாகவும் பயன்படும்.

பழையதா, வாடகையா

பயன்படுத்தப்பட்ட கேமரா வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நிகானின் டி500, டி850 போன்ற காட்டுயிர் எடுப்போர் விரும்பிய டிஎஸ்எல்ஆர் மாதிரிகளின் ஷட்டர் 2 லட்சம் முறை இயங்கும் வகையில் சோதிக்கப்பட்டவை. கேனான் 90டி-யில் இந்த எண் 1.2 லட்சம். நிகானின் இசட்9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது. ஆனால் எண் குறைவாக இருப்பது மட்டுமே போதாது. ரப்பர் வளையங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிக்கும். பத்தாண்டு பழைய கேமராவின் வானிலைப் பாதுகாப்பு, புதிதாக இருந்தபோது இருந்த அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. யுஎஸ்பி துளையை மூடும் ரப்பர் மூடி தளர்ந்து தொங்குகிறதா என்று பார்த்தாலே பழைய உரிமையாளர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரி செலுத்தாமல் வந்து மலிவாக விற்கப்படும் கேமராக்களுக்கு இந்தியாவில் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். சொந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பு மையம் இருக்கிறதா என்பதும் உறுதியின் ஒரு பகுதியே. தூசி புகும் வாய்ப்பை எந்தக் கேமராவாலும் முற்றிலும் தவிர்க்க முடியாது. புகுந்த பின் சுத்தம் செய்ய யார் இருக்கிறார் என்பதே கேமரா எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை முடிவு செய்கிறது.

வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே சஃபாரி செல்லத் திட்டமிடும் குடும்பம் இவ்வளவு பணம் முடக்கத் தேவையில்லை. பெங்களூரு, மும்பை, டெல்லி போன்ற நகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பாதுகாப்பு வளையமுள்ள நல்ல லென்ஸை மூன்று நாள் வாடகைக்கு எடுப்பது, பாதுகாப்பில்லாத மலிவான ஒன்றைச் சொந்தமாக வாங்குவதைவிடப் பல வேளைகளில் புத்திசாலித்தனமானது. வாடகைக்கு எடுக்கும்போது சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுவதும், பெறும்போதே கண்ணாடியின் நிலையைப் படமெடுத்துக்கொள்வதும் பின்னாளில் தகராறைத் தவிர்க்கும்.

எந்தக் கேமராவாக இருந்தாலும் இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதி இருந்தால், அதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம். கேமரா பழுதானால் வேறு வாங்கலாம். கார்டு பழுதாகி அழிந்த படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். சில பூங்காக்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு; கர்நாடகக் காடுகளில் லென்ஸின் நீளத்தைப் பொறுத்து அது கூடுவதும் வழக்கம். ஃபிளாஷ் பயன்படுத்தக் கூடாது என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சஃபாரி முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் பலரும் முதலில் செய்வது, சட்டை நுனியால் லென்ஸைத் துடைப்பது. புழுதியில் உள்ள கல்துகள்கள் கண்ணாடியின் மேற்பூச்சைவிடக் கடினமானவை. துணியால் தேய்க்கும்போது அவை உப்புத்தாள்போல் கீறும். முதலில் ரப்பர் பந்து வடிவக் காற்றூதியால் லென்ஸையும், குழாயின் மடிப்புகளையும், பொத்தான்களைச் சுற்றியும் ஊத வேண்டும். பிறகு மென்தூரிகை. அதன் பின்னரே சற்று ஈரமான நுண்ணிழைத் துணி. குழாய் நீளும் லென்ஸ் என்றால், வெளியே நீட்டிய நிலையில் துடைத்து முடித்த பின்பே சுருக்க வேண்டும். மறுநாள் சஃபாரி அதிகாலையிலேயே தொடங்கிவிடும் என்பதால், களைப்பாக இருந்தாலும் இந்த வேலையை இரவு உணவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.